சந்தை மூடிய காலத்தில் ஊருக்கு உணவு

காங்கேசன்துறை, மயிலிட்டி, கீரிமலை, மாவிட்டபுரம் ஆகிய பகுதிகளின் கமக்காரருக்கும் இல்லத்தாருக்கும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆந் திகதி மாலை 6 மணி தொடக்கம் இலங்கை முழுவதிலும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கொரோனாத் தொற்று மிகுதியாகப் பரவக்கூடுமெனக் குறிக்கப்பட்ட ஆறு மாவட்டங்களுள் யாழ்ப்பாணமும் ஒன்றாயிற்று. ஏனைய மாவட்டங்களில் ஊரடங்கு இடையிடையே தளர்த்தப்பட்டபோதும் இவ்வாறிலும் அது வாரக்கணக்கில் நீடித்தது. சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலி முதலிய இடங்களிற் சந்தைகள் வழமைபோற் கூடவில்லை.

அது பங்குனி மாதம். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களிற் பீற்றூட், கோவா, தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு முதலியவை அறுவடைக்கு வருங் காலம். கமஞ் செய்வதற்குத் தடை இருக்கவில்லை. கமத்தொழிலையும் மீன்பிடியையும் தொடர்ந்து நடத்த அரசாங்கம் இடமளித்திருந்தது. ஆயினும் விளைந்ததை வாங்குவோர் கையிற் சேர்க்கும் வழி அடைபட்டது. தோட்டத்தில் தக்காளி பழுத்து உதிர, இரண்டு கட்டைத் தூரத்துக்கு அப்பால் வெறுஞ்சோற்றுக்குக் கறி தேடும் நிலை ஏற்படலாயிற்று. சந்தை மூடப்படும்போது ஊரில் முதலிற் குறைவது உணவன்று. உணவு செல்லும் பாதையே குறைகின்றது. ஆதலின் ஒரு பெரும் பாதை அடைபடும் நாளிற் பல சிறு பாதைகள் திறந்திருக்குமாறு முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளும் முறையை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

காங்கேசன்துறையின் நிலை

காங்கேசன்துறைவாசிகளுக்கு வழி அடைபடுதல் புதிய செய்தியன்று. 1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் யப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றியதும் பர்மா அரிசியின் வரவு நின்றுபோயிற்று. பங்கீட்டு முறையும் அதனோடு கூட்டுறவுப் பண்டகசாலைகளும் இலங்கையெங்கும் பரவியது அக்காலத்திலேயாம். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இப்பகுதி மக்கள் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கண்டி நெடுஞ்சாலை முகமாலையில் மூடப்பட்டபின், 2009ஆம் ஆண்டுவரை குடாநாட்டுக்கு வேண்டிய பண்டங்களுட் பெரும்பகுதி கப்பல் மூலமே காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் வந்தது. கப்பல் பிந்திய வாரங்களில் மாவும் சீனியும் என்ன விலை விற்றன என்பதை அக்காலத்தில் வாழ்ந்த எவரும் மறந்திரார்.

போருக்குப் பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. மக்கள் திரும்பியபோது தோட்டங்கள் பற்றையாகவும், கிணறுகள் தூர்ந்தும், வேலிகளும் பயன்மரங்களும் அழிந்தும் கிடந்தன. வேலியில் நின்ற முருங்கையும், கோடியில் நின்ற பலாவும், கிணற்றடி வாழையும் முன்னைய தலைமுறைக்கு ஒரு மறைமுகமான களஞ்சியமாயிருந்தன. அக்களஞ்சியம் இல்லாத புதுக்குடியிருப்பில் வாழும் குடும்பம் உப்புத் தவிர அனைத்துக்கும் சந்தையையே நம்பியிருத்தல் இயல்பு. சுன்னாகச் சந்தையோ காங்கேசன்துறையிலிருந்து எட்டு ஒன்பது கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. பேருந்து ஓடாத நாளில் துவிச்சக்கர வண்டி உள்ளவனுக்கு அது அரைநாள் வேலை. முதியோருக்கு எட்டாத தூரம்.

சந்தை ஏன் மூடப்படுகின்றது

சந்தையை மூடுவது வீண் கெடுபிடி என்று கருதுவோர் உளர். 2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திற் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து பரவிய தொற்று நாடெங்குஞ் சென்றது. அங்கு வாங்குவோர் இல்லாது போகவே, பல கரையோரங்களிற் பிடித்த மீனுக்கு விலையில்லாது போயிற்று. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் மருதனார்மடம் சந்தையிலுந் தொற்று வெளிப்பட்டு, சந்தையும் அயற்கடைகளும் மூடப்பட்டன. தமிழ்நாட்டிற் சென்னை கோயம்பேட்டுச் சந்தை பெருந்தொற்றிடமாகி 2020 மே 5ஆந் திகதி மூடப்பட்டது.

இம்மூன்றிலும் பொதுவான காரணம் ஒன்றே. ஒரே கூரையின்கீழ், ஒரே வேளையில், பல ஊராரும் நெருங்கி நின்று பேரம் பேசுகின்றனர். நோய்க்கிருமி மனிதரின் மூச்சுக்காற்றோடு வெளிப்பட்டு, காற்றோட்டமற்ற இடத்தில் நெடுநேரம் தங்கவல்லது. காய்கறியின் வழியாக இந்நோய் பரவியதாகச் சான்று இல்லை. எனவே காய்கறியைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டா. நல்ல நீரில் அலம்பினாற் போதும். அஞ்சவேண்டியது நெரிசலையேயன்றிக் கத்தரிக்காயையன்று. கொள்வனவும் விற்பனையும் நெரிசலின்றி நடைபெறுமாயின் அவற்றை நிறுத்தவேண்டிய தேவை பெரிதுங் குறையும்.

கோயம்பேடு மூடப்பட்ட சில நாட்களுள் மரக்கறி மொத்த வியாபாரம் நகருக்கு வெளியே திருமழிசைக்கும், பழ வியாபாரம் மாதவரத்துக்கும் மாற்றப்பட்டன. பள்ளி மைதானங்களிலும் பேருந்து நிலையங்களிலும் சிறு சந்தைகள் அமைக்கப்பட்டன. வண்டிகள் தெருத்தெருவாகச் சென்று விற்றன. பெருநகரமொன்றின் உணவு வழியைச் சில நாட்களில் இடம் மாற்றுதல் கூடுமாயின், நூறு வீடுள்ள குறிச்சிக்கு அது அரிதன்று. ஆயின் மூடிய பின்னர் இடந் தேடுவதைவிட மூடுமுன்னரே இடங் குறித்துவைத்தல் நன்று.

நூறு குடும்பத்தின் தேவை

கணக்கின்றித் திட்டமில்லை. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு, ஆளுக்கு 200 கிராம் வீதம், நாளொன்றுக்கு ஒரு கிலோ மரக்கறி வேண்டுமெனக் கொள்க. நூறு குடும்பங்களுக்கு நாளொன்றுக்கு 100 கிலோவும் வாரத்துக்கு 700 கிலோவும் தேவைப்படும்.

நன்கு இறைத்துப் பசளையிட்ட ஒரு பரப்புத் தோட்டத்தில், அதாவது பத்துப் பேர்ச் நிலத்தில், வெண்டி ஏறக்குறைய 300 கிலோ காய்க்கும். இது எட்டு வார காலத்திற் பறிக்கப்படுவதால் வாரத்துக்கு 35 முதல் 40 கிலோ வரை கிடைக்கும். இக்கணக்கின்படி நூறு குடும்பங்களுக்குக் காய் பறிக்கும் நிலையில் எப்பொழுதும் பதினெட்டு முதல் இருபது பரப்பு வரை இருத்தல் வேண்டும். நட்டபின் காய்க்காதிருக்கும் காலத்தையும், நிலத்தை மீளப் பண்படுத்தும் காலத்தையும் சேர்த்து நோக்கின் இதனை இருமடங்காக்குதல் தகும். அது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். நூறு வீட்டின் மரக்கறி இரண்டரை ஏக்கர் இறைப்புத் தோட்டத்தில் அடங்கிவிடுகின்றது. கத்தரி, பயிற்றை, புடோல், கீரை எனக் கலந்து பயிரிடினும் கணக்குப் பெரிதும் மாறாது.

இதனை அறிந்தபின் செய்யவேண்டியது, குறிச்சியினுள்ளும் அயலிலும் எவரெவர் எத்தனை பரப்பில் என்ன பயிரிட்டுள்ளனர் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைத்தலாகும். கிராம அலுவலரிடம் குடும்பக் கணக்கு உண்டு. விவசாயப் போதனாசிரியரிடமும் கமநல சேவை நிலையத்திலும் பயிர்க் கணக்கு உண்டு. இவ்விரண்டும் ஒரே தாளில் எழுதப்படுவது அரிதாகவே உள்ளது. சந்தை நடக்கும் காலத்தில் அதனால் எவருக்கும் நட்டமில்லை. சந்தை மூடிய மறுநாட் காலையிலோ அந்தத் தாளே முதலில் வேண்டப்படும்.

சிறு விற்பனை நிலையங்கள்

இருபது இருபத்தைந்து குடும்பங்களுக்கு ஒன்றாக விற்பனை நிலையம் அமைதல் போதும். கோயில் வீதி, வாசிகசாலை முற்றம், பாடசாலை விளையாட்டிடம், மரநிழல் ஆகிய திறந்த வெளிகளே இதற்குத் தகுந்தவை. மூடிய மண்டபத்தை விலக்குதல் வேண்டும். மழைக் காலத்திற்குக் கூரை வேண்டுமாயின் பக்கச் சுவரில்லாத கொட்டகை போதும்.

கமக்காரர் காலையிற் பறித்த காயை முகாமையாளரிடம் எடை பார்த்துக் கொடுப்பார். அங்கே அது கலந்த கட்டுகளாக்கப்படும். கத்தரி அல்லது வெண்டி ஒரு கிலோ, பூசணித் துண்டு ஒரு கிலோ, பயிற்றை அரைக் கிலோ, ஒரு பிடி கீரை, கொஞ்சம் பச்சைமிளகாய் என்றவாறு ஏறக்குறைய மூன்று கிலோக் கட்டு ஒரு குடும்பத்துக்கு மூன்று நாளைக்குக் காணும். கட்டுகளைக் கடகத்திலோ கடதாசிப் பையிலோ வைத்து, விலையைக் கரும்பலகையில் எழுதிவிடின் பேரம் இல்லை. காயைத் தடவிப் பார்த்தலும் இல்லை. வீட்டுக்கு ஒருவராக, ஐந்தைந்து பேராக, குறித்த நேரத்துக்கு வந்து இரண்டு நிமிடத்திற் பெற்றுச் செல்லலாம். வாயும் மூக்கும் மூடிய துணியும், கை கழுவ நீரும் சவர்க்காரமும் அங்கிருத்தல் வேண்டும். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்குரிய கட்டைப் படலையில் வைத்து, குரல் கொடுத்துவிட்டு வருக.

விலை குறித்து ஒரு சொல். யாழ்ப்பாணச் சந்தைகளிற் கழிவு என்னும் பெயரால் எடையிற் பத்தில் ஒரு பங்கு கழிக்கும் வழக்கம் கமக்காரரின் நெடுநாட் குறையாக இருந்துவந்தது. சிறு நிலையத்தில் அதற்கு இடமளித்தலாகாது. தோட்டத்து விலைக்கும் கடைக்காரர் விற்கும் விலைக்கும் நடுவே விலை குறிக்கப்படுமாயின் இருபாலாருக்கும் நயமுண்டு. முகாமையாளரின் கூலியையும் எரிபொருட் செலவையும் அந்நடுவிலிருந்தே எடுத்தல் வேண்டும். இலவச உழைப்பை நம்பித் தொடங்கிய ஒழுங்கு மூன்றாம் வாரத்திற் சோர்ந்துவிடும்.

அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் ஆகியவற்றைப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலமே இந்நிலையங்களுக்குக் கொண்டுவருதல் நன்று. சங்கத்துக்குக் களஞ்சியமும் கணக்குப்பிள்ளையும் ஏற்கனவே உண்டு. லொறிக்கு அனுமதி பெறுவதும் தனியாளைவிட அதற்கு எளிது. மீனுக்கும் இவ்வழி பொருந்தும். மயிலிட்டித் துறையிலும் காங்கேசன்துறைக் கரையிலும் மீன் வந்திறங்கும் வேளையைத் தோட்டப்பகுதி நிலையங்களுக்குத் தொலைபேசியில் அறிவித்து, மீன் சென்ற வண்டியில் மரக்கறியைக் கரைக்குத் திருப்பி அனுப்பலாம். வெறும் வண்டி ஓடாது, எரிபொருளும் மிஞ்சும். 2022ஆம் ஆண்டு எரிபொருட் தட்டுப்பாட்டைக் கண்டவர்க்கு இதன் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை.

பணமில்லாத வீடு

மேற்கூறிய அனைத்தும் வாங்கப் பணமுள்ளோர்க்கே உதவும். ஊரடங்கினால் முதலிற் பட்டினியை நெருங்குவது நாட்கூலி வீடு. மேசன், தச்சர், கடலுக்குக் கூலிக்குச் செல்வோர், வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஆகியோருக்கு வேலை நின்ற அன்றே வருமானமும் நிற்கும். 2020ஆம் ஆண்டு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் ரூபா 5000 வழங்கியது. ஐவர் உள்ள வீட்டுக்கு அது எத்தனை நாளைக்குப் போதுமென்று கணக்கிடுவது கடினமன்று.

ஆகவே குடும்பக் கொப்பியில் நாட்கூலி வீடுகள், தனித்து வாழும் முதியோர், கைக்குழந்தை உள்ள தாய்மார், நோயாளர் ஆகியோரைத் தனிப்பக்கத்திற் குறித்தல் வேண்டும். இவ்வீடுகளுக்குரிய கட்டைக் கடனாகக் கொடுத்து, வேலை தொடங்கியபின் தவணையாகப் பெறலாம். தோட்டத்திற் களை எடுத்தும் காய் பறித்தும் கூலிக்கு ஈடாக மரக்கறி பெற விரும்புவோர்க்கு அதற்கும் இடமுண்டு. எதுவும் இயலாதோர் பங்கை ஊரே ஏற்கவேண்டும். வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பும் உதவி பெரும்பாலும் சமைத்த உணவுப் பொதிக்கே செல்கின்றது. அதிற் பாதியை உள்ளூர்த் தோட்டக்காரரிடம் மரக்கறி வாங்கச் செலவிடின் ஒரே பணம் இரு வீட்டுக்கு உதவும். கொடுப்பது எதுவாயினும், வரிசையில் நிறுத்திப் படம் பிடித்தலைத் தவிர்த்தல் வேண்டும். மானத்துக்கு அஞ்சி வராமல் இருக்கும் வீடே பெரும்பாலும் மிகுந்த பசியுள்ள வீடு.

வீட்டுத்தோட்டம்

2020ஆம் ஆண்டில் சௌபாக்கியா வீட்டுத்தோட்டத் திட்டத்தின்கீழ்ப் பத்து இலட்சம் வீடுகளில் தோட்டம் அமைக்க ஊக்கமளிக்கப்பட்டு, விதைப் பொதிகளும் வழங்கப்பட்டன. நல்ல முயற்சியே. எனினும் ஊரடங்கு வந்தபின் ஊன்றிய விதை அவ்வூரடங்கின் பசிக்கு உதவாது. முளைக்கீரை மூன்று நான்கு வாரத்திற் பிடுங்கத்தகும். வெண்டி காய்க்க 45 நாளும், பயிற்றைக்கு 50 நாளும், பாசிப்பயறு முற்ற 65 நாளும் செல்லும். கத்தரி நாற்று நட்டபின் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். வற்றாளைக்கு மூன்றரை மாதமும், மரவள்ளிக்கு எட்டு முதல் பத்து மாதமும் வேண்டும். பப்பாசியும் முருங்கைக் கதியாலும் ஏறக்குறைய ஓராண்டு கேட்கும். ஆதலின் மரவள்ளியும் முருங்கையும் எப்பொழுதும் வளவில் நிற்றல் வேண்டும். ஆபத்து வந்ததும் தெளிக்கவேண்டியது கீரை விதை ஒன்றே.

வீட்டுத்தோட்டத்திடம் அளவுக்கு மிஞ்சி எதிர்பார்த்தலும் தகாது. காற்பரப்பு நிலத்திற் சீராகப் பயிர் செய்யும் குடும்பம் தன் மரக்கறித் தேவையில் ஏறத்தாழ அரைப்பங்கைப் பெறலாம். அக்காற்பரப்புக்கு வெயிற் காலத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 300 லீற்றர் நீர், அதாவது பெரிய வாளியால் முப்பது வாளி, தேவைப்படும். குளித்த நீரையும் பாத்திரங் கழுவிய நீரையும் வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பிவிட்டால் இறைப்பு ஓரளவு குறையும். பாத்திகளில் வைக்கோல், பனையோலை, சருகு ஆகியவற்றைப் பரப்புக.

காங்கேசன்துறைக் கரையோரக் கிணறுகளில் ஓர் எச்சரிக்கை உண்டு. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை, சுண்ணக்கற்பாறையினுள் மழைநீர் தேங்கி, கனமான உப்புநீரின்மேல் வில்லைபோல் மிதக்கின்றது. இயந்திரத்தால் விரைந்து இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலெழும். கிணறு ஒருமுறை உவர்த்துவிட்டால் அடுத்த மாரிவரை காத்திருக்க நேரும். சிறிது சிறிதாகக் காலையும் மாலையும் இறைத்தலே இங்கு முறை. சற்று உவர்ந்த நீரிலும் பீற்றூட்டும் பசளியும் வளரும். பயிற்றையும் வெங்காயமும் தாங்கா.

சேமிப்பு

அரிசியைத் தவிர்ந்த சேமிப்பை இக்காலத்து வீடுகள் கைவிட்டுவிட்டன. சின்னவெங்காயத்தைத் தாள் சாய்ந்தபின் கிளப்பி, நிழலில் உலர்த்தி, பிடிகளாகக் கட்டிக் காற்றோட்டமுள்ள கொட்டிலிற் தொங்கவிட்டால் இரண்டு மூன்று மாதம் இருக்கும். முற்றிய பூசணியைக் காம்புடன் வெட்டி, நிலத்திற் படாமற் பலகைமேல் வைத்தால் அதுவும் அவ்வளவு காலம் கெடாது. உருளைக்கிழங்கை இருட்டில் வைக்க. பச்சை நிறம் பாய்ந்ததை உண்ணற்க. கத்தரி, பாகல், மிளகாய் மலிந்த வாரத்தில் வற்றலும் மோர்மிளகாயும் போட்டுக்கொள்க.

பனை யாவற்றிலும் பெரிய களஞ்சியம். ஆடி ஆவணியில் விழும் பழத்தின் விதையைப் பாத்தியிலிட்டால் மார்கழிக்குப் பின் கிழங்கு கிடைக்கும். கிழங்கைப் பச்சையாகக் கீறி உலர்த்தியது ஒடியல். அவித்து உலர்த்தியது புழுக்கொடியல். ஈரம் படாத தகரத்தில் இவை மாதக்கணக்காகக் கெடாதிருக்கும். ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து, கயர்ப்பு நீரை வடித்துப் பிழிந்த பின்னரே பிட்டுக்கும் கூழுக்கும் பயன்படுத்தல் வேண்டும். இவ்வாறே மரவள்ளியையும் தோலுரித்து, திறந்த பாத்திரத்தில் நன்கு அவித்து, நீரை ஊற்றிவிட்டு உண்க. கசக்கும் கிழங்கைக் குழந்தைகளுக்குக் கொடுத்தலாகாது.

மீன் மலிந்து வாங்குவோர் இல்லாத நாளிற் கருவாடே புகல். நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்புச் சேர்த்து ஓரிரவு வைத்து, மறுநாள் கழுவி, மணலிற் பரப்பாமல் உயர்த்திய பரண்மேல் உலர்த்துக. மணலிற் காய்ந்த கருவாட்டைக் கொழும்பு வியாபாரி மட்டுமன்றி அயல்வீட்டாரும் வாங்கார்.

விதையையும் மறத்தலாகாது. ஊரடங்கில் விதைக்கடையும் மூடப்படும். கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை தாய்ப்பயிரை ஒத்து விளையாது. எனவே ஊர்க் கத்தரி, வெண்டி, பயிற்றை, பூசணி ஆகியவற்றில் நோயற்ற சில செடிகளை விதைக்கென்று விட்டு, முற்றிய காயை எடுத்து உலர்த்தி, சாம்பல் கலந்து, இறுக மூடிய போத்தலில் வைக்க. போத்தலின்மேற் பயிரின் பெயரும் எடுத்த மாதமும் எழுதப்படுதல் வேண்டும். அடுத்த காலபோக மழை ஐப்பசியிற் தொடங்குமுன் அப்போத்தல்களில் ஒரு பங்கை வாசிகசாலை அலுமாரியில் ஒப்படைத்து, எவருடைய விதை எதுவென்பதைக் குடும்பக் கொப்பியின் கடைசிப் பக்கத்திற் பதிந்துகொள்ளலாம்.